பதில் கடிதம் வந்தால்தான் டாக்டர் அடுத்தவரை அனுப்புவார்: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிளினிக்குக்கு 8 மாதங்களில் 11 தடவை வந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியது இந்த ஆய்வு. வயது 46. பிறை தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஆபரேட்டர். இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை ஷிப்ட். கணவர் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பாதையில் இருப்பார். வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், அந்த வருடம் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுதவிருந்த மகன்.

நான் பினாங்கில் தமிழில் ஆலோசனை தரும் பதிவுபெற்ற ஆலோசகர். இவரை என்னிடம் அனுப்பியது அவருடைய குடும்ப டாக்டர். மனச்சோர்வு பற்றித் தமிழில் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் டாக்டர் ஒருவர் நோயாளியை ஆலோசகரிடம் அனுப்பும் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது, எதனால் பல டாக்டர்கள் அனுப்பாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த அம்மாவும் டாக்டரும் படித்துப் பார்த்துச் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

கிளினிக்கில் நடந்தது

முதல் 10 வருகைகளின் பதிவு இப்படி இருந்தது: கேஸ்ட்ரிக், தலைவலி, நெஞ்சு படபடப்பு, கழுத்து வலி, மறுபடியும் கேஸ்ட்ரிக். ஒரு தடவை இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் மருந்தும் ஒரு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சீட்டு). பேக்டரிக்கு அது பானல் கிளினிக். நிறுவனம் பணம் கட்டுகிறது, பில்லில் நோயின் பெயர் இருக்கும். ஷிப்ட் பஸ் வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வெளியே வரிசை நிற்கும்போது ஒருவருக்கு ஐந்து, ஆறு நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் வயிற்று எரிச்சலைக் கேட்கலாம். வாழ்க்கையைக் கேட்க முடியாது.

டாக்டர் அறுபதை நெருங்கும் தமிழ்ப் பெண்மணி. அதே இடத்தில் பல காலமாகக் கிளினிக் நடத்துகிறவர். இந்தக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் பார்த்தவர், மாமியாருடைய ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறவர். 2024 தைப்பூசம் ஜனவரி 25இல் வந்தது. பிப்ரவரியில் இந்த அம்மா மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோது டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டாராம்: "இந்த வருஷம் தண்ணீர்மலையில உங்களைக் காணோமேம்மா. பால்குடம் எடுக்கலையா?"

"மனசே இல்ல டாக்டர்."

வருடம் தவறாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுத்தவர். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதத்தோடு நடக்கிறவர். அவர் அப்படிச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கேள்வியை நான் எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை. முன்பு ஆசையாகச் செய்த ஒன்றில் ஆசை போய்விட்டதா என்பதுதான் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாப்படிவத்தின் முதல் கேள்வியும். ஆனால் தண்ணீர்மலையைக் கேட்க, இவர் வருடாவருடம் அங்கே போகிறவர் என்று தெரிந்திருக்க வேண்டும். குடும்ப டாக்டருக்கு மட்டுமே அது தெரியும்.

அவர் அழுதார். டாக்டர் கவுன்டருக்குச் சொல்லி அடுத்தவரைக் காத்திருக்க வைத்தார். பிஎச்கியூ-9இன் ஒன்பது கேள்விகளையும் பேச்சுத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். மொத்தம் 27இல் 17 வந்தது, நடுத்தரத்தைத் தாண்டிய நிலை. உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்ற ஒன்பதாவது கேள்விக்கு, தூங்கினால் அப்படியே எழுந்திருக்காமல் போய்விட்டால் தேவலை என்று சில நாள் தோன்றுவதாகச் சொன்னார். சொன்ன கையோடு கேட்டது இது: "போலீஸ்ல சொல்லிடுவீங்களா டாக்டர்?"

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி ஓராண்டு வரை சிறை விதித்த தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு 2023 செப்டம்பர் 11 முதல் இல்லை. டாக்டர் அதைச் சொன்னார். அப்படிப்பட்ட எண்ணத்தை டாக்டரிடம் சொல்வது முன்பும் குற்றமில்லை. இருந்தாலும் சட்டம் போன பிறகும் பயம் போகவில்லை. அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது: தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனைக்கு இப்போது பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று பெயர். அங்கே நல்ல வேலை நடக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அந்த ஊர்ப் பெயரை இன்றும் வசவாகத்தான் சொல்கிறோம். பிள்ளைகளின் காதில் அது விழுந்து விழுந்து, நாற்பது வயதில் உதவி தேவைப்படும்போது காலைக் கட்டிப்போடுகிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டமோ அதற்கான ஏற்பாடோ இல்லை என்று டாக்டர் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று சில டாக்டர்கள் தயங்குவதுண்டு. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. கேட்டபோது அந்த அம்மாவுக்கு மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான். அவருடைய அனுமதியோடு கணவரைப் போனில் கூப்பிட்டார்கள். ஒரு அட்டையில் 15555 ஹீல் மனநல உதவி எண்ணையும், 24 மணி நேரமும் எடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் என்ற தன்னார்வ அமைப்பின் 03-7627 2929 எண்ணையும் டாக்டர் எழுதித் தந்தார். இரவு ஷிப்டில் ஒன்றரை மணிக்கு ரெஸ்ட் எடுக்கிறவருக்கு, அந்த நேரத்தில் எடுக்கிற எண் முக்கியம்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.8, அதாவது ரத்தசோகை. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கி ரத்தப்போக்கு அதிகமாகியிருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரும்புச் சத்து மாத்திரை தொடங்கினார்கள். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி 50 மில்லிகிராமுக்கு ஏற்றினார்கள். வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று முன்கூட்டியே சொன்னதால் கேஸ்ட்ரிக் மோசமாகிவிட்டது என்று அவர் நிறுத்தவில்லை. இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆலோசகர் அறையில் எவ்வளவு பேசினாலும் ஹீமோகுளோபின் ஏறாது. டாக்டரிடமிருந்து வராமல் நேராக என்னிடம் வந்திருந்தால், அந்தச் சோர்வு முழுவதும் மனதின் சோர்வாகவே எனக்குத் தெரிந்திருக்கும்.

எங்கே அனுப்புவது?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான கிளினிக்குகளில் எல்லாம் நின்றுபோகிறது. வழிகள் இல்லாமல் இல்லை. அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான், மருந்தும் கிடைக்கும். மெந்தாரி சமூக மனநல மையங்கள் இருக்கின்றன. மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு லெட்டர் தரலாம். தனியார் ஆலோசகரிடம் போனால் ஒரு அமர்வுக்கு நூறு ரிங்கிட்டுக்குக் கீழே கிடைப்பது அரிது, இருநூறைத் தாண்டுவதும் உண்டு. 2022 முதல் மனநலப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் 1,000 ரிங்கிட் வரை வருமான வரிச் சலுகை கோரலாம். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

இந்த அம்மா பகலில் தூங்க வேண்டியவர். அரசுக் கிளினிக்கில் காலை முழுவதும் காத்திருக்க முடியாது. மலாய் பேசுவார், ஆனால் மாமியாரைப் பற்றிய கோபத்தை மலாயில் சொல்ல அவருக்கு வாய் வராது. டாக்டர் என் எண்ணை ஒரு கோயில் நிகழ்ச்சியில் வாங்கி வைத்திருந்தார். அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என்னைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தார். இரண்டு நிமிடம் பேசினோம். எங்கே இருக்கிறது, எவ்வளவு, யாருக்காவது தெரியுமா என்று மூன்றே கேள்விகள் கேட்டார். சமூக மையம் ஒன்றில் குறைந்த கட்டணத்தில் நடக்கும் அமர்வு அது. ஞாயிற்றுக்கிழமை நேரம் குறித்த பிறகுதான் அவர் அந்த அறையை விட்டு எழுந்தார். லெட்டரை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று பின்னால் அவரே சொன்னார்.

பில் விஷயத்தையும் டாக்டர் யோசித்தார். மனநலம் சம்பந்தப்பட்ட வருகைகளைப் பானல் கணக்கில் சேர்க்காமல், சனிக்கிழமை கூட்டம் குறைந்த பிறகு சொந்தப் பணத்தில் பார்க்கச் சொன்னார். இந்த நிகழ்வு நடந்தபோது தனியார் கிளினிக் டாக்டரின் ஆலோசனைக் கட்டணம் விதிமுறைப்படி 10 முதல் 35 ரிங்கிட். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டாலும் அதேதான். டாக்டர்கள் நேரம் ஒதுக்குவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பதில் கடிதம்

நான்கு மாதம் பார்த்தோம், முதலில் வாரம் ஒரு முறை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அமர்வுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காலையில் ஷிப்ட் முடிந்து வந்து மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, சமைத்துவிட்டு மதியம் படுப்பவர், நான்கு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. அதனால் முதல் வேலை மனதை ஆராய்வதாக இல்லை, மாமியாரைக் குளிப்பாட்டுவது யார் என்று தீர்மானிப்பதாக இருந்தது. கணவரின் இரண்டு தங்கைகள் புக்கிட் மெர்தாஜாமிலும் கூலிமிலும் இருக்கிறார்கள். கணவரை வைத்து ஒரு குடும்பப் பேச்சு நடந்தது. ஒருவர் வாரம் மூன்று காலை வர ஒப்புக்கொண்டார். நல்ல மருமகள் என்ற பெயரைக் காப்பாற்றத் தன்னைத் தேய்த்துக்கொண்டிருந்ததை அவர் மெதுவாகத்தான் ஒத்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்கும் துக்கத்துக்கும் இடம் கிடைத்த பிறகு அழுகை குறைந்தது.

இரண்டாவது அமர்வுக்குப் பிறகு டாக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். வந்தார், தொடர்ந்து வர ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆபத்து நிலை இப்போது எப்படி, எதில் வேலை செய்கிறோம், டாக்டரிடமிருந்து என்ன தேவை, அடுத்த கடிதம் எப்போது. இவ்வளவுதான் அதில் இருக்கும். அனுப்புவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் சரி என்றால்தான் போகும். ரகசியம் காப்பது எங்கள் தொழிலின் நெறி. டாக்டர் என்பதற்காக அது தளர்ந்துவிடாது.

முதல் கடிதத்தில், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் சுமை தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அந்த வரி வேணாம் சிஸ்டர். அத்தையும் அங்கதான் மருந்து எடுக்கிறாங்க. கவுன்டர்ல இருக்கற பிள்ளை எங்க பிளாட்தான்." வரியை எடுத்துவிட்டு, பகல் தூக்கம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு என்று மட்டும் எழுதினோம். உறை ஒட்டி, டாக்டர் பெயருக்கே அனுப்பினோம். டாக்டர் அதைத் தனிக் கோப்பில் வைத்தார்.

குடும்ப டாக்டரிடம் மொத்தக் குடும்பமும் போகிறது. பால்குடம் எடுக்காததைக் கவனிக்க வைத்ததும் அதுதான். ஒரு வரி மாமியார் காதுக்குப் போய்விடுமோ என்று பயப்பட வைத்ததும் அதுதான். நம் ஆட்கள் ஒரே தாமானில் நெருங்கி வாழ்கிறோம், கவுன்டரில் இருப்பவர் யாரோ ஒருவருக்குச் சித்தி மகளாக இருப்பார். இந்தப் பயத்தைத் தேவையில்லாத பயம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

டாக்டர்கள் சொன்னது

இந்த டாக்டர் மூலமாகவும் வேறு வழிகளிலும் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள சில டாக்டர்களிடம் பேசினேன். இது கருத்துக் கணிப்பு இல்லை, தொழில் ரீதியான உரையாடல்கள். கவுன்சலிங் வெறும் பேச்சு என்று ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். அப்படி ஒருவரும் சொல்லவில்லை. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையை முதலில் யோசிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2019இல் வந்த மலேசிய மனச்சோர்வு சிகிச்சை வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது.

அவர்கள் மனதில் இருந்த உறுத்தல் வேறு. அனுப்பினால் கிணற்றில் போட்ட கல் மாதிரி. போனாரா, இல்லையா? போனால் என்ன சொன்னார்கள்? மருந்தைத் தொடரச் சொன்னார்களா, நிறுத்தச் சொன்னார்களா? மூன்று மாதம் கழித்து அதே நோயாளி இருமலுக்கு வரும்போது, கேட்கலாமா கூடாதா என்றே தெரியவில்லை. இதய நிபுணருக்கு அனுப்பினால் பதில் வருகிறது, எலும்பு நிபுணருக்கு அனுப்பினால் வருகிறது. ஆலோசகரிடமிருந்து வருவதில்லை. பட்டர்வொர்த் டாக்டரே இதற்கு முன்பு சிலரை வேறு இடங்களுக்கு அனுப்பி, ஒரு வரிகூட வராததால் அனுப்புவதையே விட்டிருந்தார்.

என் முடிவு இதுதான்: குடும்ப டாக்டரின் நம்பிக்கை ஆலோசனையின் அறிவியலைப் பற்றிய பேச்சுகளால் வளர்வதில்லை, திரும்பி வரும் ஒரு பக்கத்தால் வளர்கிறது. ரகசியம் காக்கிறோம் என்று சொல்லி எதுவுமே எழுதாமல் இருப்பது எங்கள் தொழிலில் பழக்கமாகிவிட்டது. நோயாளியின் சம்மதத்தோடு, அவர் கேட்டுத் திருத்திய கடிதம் எந்த ரகசியத்தையும் உடைக்காது. பல ஆலோசகர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஜார்ஜ் டவுனில் உள்ள ஓர் இளம் டாக்டரின் கவலை வேறு மாதிரி. யார் யார் என்றே தெரியவில்லை என்றார். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர், அப்புறம் முகநூலில் வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று போடுகிறவர். தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டால் பொறுப்பு தன் தலையில் என்று நினைக்கிறார். நியாயமான கவலை. 1998ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து தொழில் சான்றிதழ் வைத்திருப்பவரே ஆலோசகராகத் தொழில் நடத்தலாம். அனுப்பும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள் என்றேன். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் அனுப்ப வேண்டாம்.

அரசுக் கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு குடும்ப மருத்துவ நிபுணருக்கு ஆலோசகர் கிடைக்கிறார், ஆனால் பல கிளினிக்குகளுக்குப் பொதுவானவர், தமிழ் தெரியாதவர். வயதான நம் பெண்கள் அவரிடம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த முறை வருவதில்லையாம். வரவில்லை என்று பதிவாகிறது, காரணம் பதிவாவதில்லை. எனக்கு இதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009 அறிக்கையில் இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனங்களைவிட அதிகமாக இருந்தது. பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019இல் 2.3 விழுக்காடாகவும் 2023இல் 4.6 விழுக்காடாகவும் தேசிய சுகாதார ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தேவை இவ்வளவு கூடும்போது, தமிழில் மனம் விட்டுப் பேசக்கூடிய ஒருவர் அரசுக் கிளினிக்கில் இருப்பது சலுகை ஆகாது. சிகிச்சையின் ஒரு பகுதி அது.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மூத்த டாக்டர் ஆலோசகரே தேவையில்லை என்றார். நாற்பது வருடமாக நான் பேசுகிறேனே, என் நோயாளி என்னிடம் சொல்லாததை யாரிடம் சொல்வார் என்பது அவர் வாதம். பாதி உண்மை. அவரைப் போன்றவரின் பத்து நிமிடம் சிலருக்குப் போதும். ஆனால் இந்த அம்மாவின் ரத்தப்போக்கு ஒரு வருடமாகச் சொல்லப்படவில்லை, கோபமோ டாக்டரிடம் சொல்லவே முடியாததாக இருந்தது, காரணம் டாக்டர் மாமியாருக்கும் டாக்டர். தெரிந்தவரிடம் சொல்ல முடியாததைத் தெரியாதவரிடம் சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் மருந்துக்குத் திரும்பி வருவது இரண்டு உறவையும் காப்பாற்றுகிறது. இதை அவரிடமும் சொன்னேன். ஒரு நோயாளியை அனுப்பிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

பிறகு

நான்காவது மாதத்தில் பிஎச்கியூ-9 மதிப்பெண் 6. ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. கேஸ்ட்ரிக் வருகைகள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. ஆறாவது மாதத்தில் நன்றாகிவிட்டது என்று மாத்திரையை அவராகவே நிறுத்தப் பார்த்தார். டாக்டர் போனில் சொன்னதும் நானும் அவரிடம் அதைப் பேசினேன், தொடர்ந்தார். நன்றான பிறகும் சில மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும் என்பதை இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னது உதவியது.

தீராதவையும் உண்டு. அவர் இன்னும் இரவு ஷிப்டில்தான். பகல் ஷிப்டுக்கு மாற மருத்துவக் கடிதம் கேட்டார்கள். ரத்தசோகையையும் தூக்கக் குறைவையும் காரணமாகக் காட்டி டாக்டர் எழுதித் தந்தார், இரண்டும் உண்மையே. நிறுவனம் பரிசீலிக்கிறோம் என்றதோடு சரி. மனச்சோர்வு என்று எழுதியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்குமா, அல்லது வேலைக்கே ஆபத்தாகியிருக்குமா என்று டாக்டரும் நானும் நிறையப் பேசினோம். எழுத வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னதால் எழுதவில்லை.

இப்போது என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார், டாக்டர் மட்டும் பார்க்கிறார். எப்போது மறுபடியும் என்னைக் கூப்பிடுவது என்று கடைசிக் கடிதத்தில் மூன்று பேரும் ஒப்புக்கொண்டதை எழுதியிருக்கிறோம்: மதிப்பெண் 10ஐத் தொட்டால், ஒன்பதாவது கேள்விக்கு ஒருபோதும் இல்லை என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அல்லது மாமியாரின் நிலை மோசமாகி வீட்டு ஏற்பாடு மாறினால். மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னது அந்த அம்மா. இந்த முறை மாமியாரைப் பற்றிய அந்த வரியை அவர் எடுக்கச் சொல்லவில்லை.